வேப்பையும் வாசலுக்கு வெளியே தள்ளலாமா?

நீங்கள் பிரிட்டனில் கடை வைத்திருக்கலாம், உணவகம் நடத்தலாம், டாக்ஸி ஓட்டலாம். அல்லது இருபது வருஷமாகப் பிடித்துவந்த சிகரெட்டை ஒருவழியாக விட்டுத் தொலைத்து வேப்புக்கு மாறியவராக இருக்கலாம். எதுவானாலும் இது உங்களைத் தொடுகிற விஷயம். சிகரெட் பிடிக்கக் கூடாத உள்ளிடங்கள் எல்லாவற்றிலும் வேப்பும் கூடாது என்று சட்டமே போட்டுவிட வேண்டும் என்ற யோசனை அந்த நாட்டில் பல வருஷமாக வந்து வந்து போகிறது. வேல்ஸில் 2016-இல் அது மயிரிழையில் தோற்றது. 2024-இல் ஒரு புதிய மசோதா வழியாக மறுபடி தலைகாட்டியது.

எல்லா உள்ளிடங்களுக்கும் ஒரேயடியாகப் பொருந்தும் அப்படியொரு தடை வேண்டாம் என்பது என் கட்சி. காரணங்களைச் சொல்கிறேன். எதிர்த்தரப்பு சொல்வதில் எது சரியோ அதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில், வேப் என்பதுதான் என்ன? கைக்குள் அடங்குகிற ஒரு கருவி. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சின்னத் தொட்டி. தொட்டியில் அதிகபட்சம் 2 மில்லிலிட்டர் திரவம். பிரிட்டன் சட்டம் அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்தத் திரவத்தில் ஊறிக் கிடக்கும் பஞ்சுத் திரி, அதை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள். வாயில் வைத்து இழுத்தால் கம்பி சூடாகி, திரவம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகி மூச்சோடு உள்ளே போகிறது.

திரவத்தில் என்ன இருக்கிறது? புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் (இரண்டும் நிறமில்லாத, கொழகொழப்பான நீர்மங்கள்; உணவிலும் மருந்திலும் சேர்க்கப்படுபவை), ஏதோ ஒரு பழச் சுவை, பெரும்பாலும் நிக்கோட்டின் (புகையிலையில் இருந்து வருவது; ஆளை அடிமையாக்குகிற பொருள் இதுதான்). நிக்கோட்டின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம்.

இதில் எதுவும் எரிவதில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. சிகரெட் நுனி, இழுக்கும்போது சுமார் 900 டிகிரி செல்சியஸைத் தொடும். தாரும் (நுரையீரலில் படிகிற கரும்பசை) கார்பன் மோனாக்சைடும் (ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நச்சுவாயு) பிறப்பது அந்த நெருப்பில்தான். நெருப்பு இல்லையென்றால் தாரும் இல்லை.

அப்படியானால் வெறும் ஆவிதானே, இட்லிச் சட்டியைத் திறந்தால் வருகிற மாதிரி? விற்கிறவர்கள் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் துளிகளில் நிக்கோட்டின் இருக்கிறது. சூட்டில் உண்டாகும் ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் பொருள்களும், கம்பியிலிருந்து வரும் உலோகத் துகள்களும் சிறிய அளவில் இருக்கின்றன. புகை பிடிக்காத ஒருவர் வேப்பைத் தொடுவதற்கு ஒரு நல்ல காரணமும் கிடையாது. தொடாதீர்கள்.

இப்போதைய சட்டம் என்ன சொல்கிறது? மூடிய பொது இடங்களிலும் வேலையிடங்களிலும் புகை பிடிக்கத் தடை ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில் வந்தது. வேல்ஸும் வடக்கு அயர்லாந்தும் 2007 ஏப்ரலில் தொடர்ந்தன. இங்கிலாந்து 2007 ஜூலை 1 முதல். அந்தச் சட்டம் குறிவைப்பது பற்றவைத்த பொருளை. வேப்பை யாரும் பற்றவைப்பதில்லை என்பதால் அது சட்டத்துக்குள் வரவில்லை.

அதனால் எங்கே வேண்டுமானாலும் வேப் இழுக்கலாம் என்று அர்த்தமா? இல்லவே இல்லை. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் கூடாது என்றால் கூடாதுதான். லண்டன் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் வேப் இழுக்க முடியாது. அது லண்டன் போக்குவரத்து நிறுவனம் தானே போட்ட விதி. நாட்டுச் சட்டம் கேட்டுப் போடவில்லை. ரயில் கம்பெனிகளும் விமானக் கம்பெனிகளும் அப்படியே செய்துவிட்டன. எத்தனையோ உணவகங்கள், அலுவலகங்கள், சினிமாக் கொட்டகைகள் ஒரு போர்டு வைத்து முடித்துவிட்டன. நீங்களும் நாளைக் காலை உங்கள் கடையில் ஒரு போர்டு மாட்டலாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

ஆக, கேள்வி வேப்பை உள்ளே விடலாமா கூடாதா என்பதல்ல. அதை முடிவு செய்வது யார் என்பதுதான்.

வேல்ஸில் நடந்ததைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கே 2014 ஏப்ரலில் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அடுத்த வருஷம் ஜூனில் சுகாதார அமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட் பொதுச் சுகாதார மசோதாவைக் கொண்டுவந்தார். மூடிய பொது இடங்களில் வேப்புக்குத் தடை அதில் ஒரு பகுதி. அவர் சொன்ன முக்கியக் காரணம், பிள்ளைகள் கண்ணெதிரே பெரியவர்கள் வாயிலிருந்து வெண்புகை வந்தால், ஒழிந்துகொண்டிருக்கும் சிகரெட் பழக்கம் மறுபடி சகஜமாகிவிடும் என்பது.

யார் எதிர்த்தார்கள் தெரியுமா? சிகரெட்டை ஒழிக்கவே இருக்கிற ‘ஆஷ் வேல்ஸ்’ அமைப்பும், ‘கேன்சர் ரிசர்ச் யுகே’யும். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் தடைக்கு ஆதரவு. அதாவது, சிகரெட் கம்பெனிக்காரர்கள் ஒருபக்கம், மருத்துவர்கள் மறுபக்கம் என்ற சண்டை இல்லை இது. சிகரெட் ஒழிய வேண்டும் என்று நினைக்கிறவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

எதிர்ப்பு வலுத்ததும், எல்லா இடங்களுக்கும் என்றிருந்ததைக் குறைத்து, பள்ளி, மருத்துவமனை, உணவு பரிமாறும் இடம், பொதுப் போக்குவரத்து என்று பட்டியல் போட்டார்கள். 2016 மார்ச் 16-ஆம் தேதி, அந்தச் சட்டமன்றத்தின் கடைசி நாளில், வாக்கெடுப்பு. 26-க்கு 26. சமமானால் மசோதா விழும், விழுந்தது. சிலர் ஆதரிப்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்ட பிளைட் கம்ரி கட்சி, ஓர் அமைச்சர் தங்களைக் கேலி பேசியதில் கொதித்துப்போய் மொத்தமாக எதிர்த்து வாக்களித்திருந்தது. நல்ல வாதம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜெயித்தது ரோஷம். பச்சை குத்துவதற்கும் உடலில் துளை போடுவதற்கும் அதே மசோதாவில் இருந்த உருப்படியான விதிகளும் கூடவே விழுந்தன. வேப் பகுதி இல்லாமல் மறுபடி வந்த மசோதா 2017-இல் சட்டமானது.

தடை போடாததால் டிரேக்ஃபோர்ட் பயந்தது நடந்ததா? சிகரெட் மறுபடி சகஜமானதா? பிரிட்டன் முழுவதிலும் 2016-இல் பெரியவர்களில் 15.8 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தார்கள். 2023-இல் அது 11.9 சதவீதம். வேப் கண்முன்னே பரவிய அதே வருஷங்களில்தான் சிகரெட் சரிந்தது. வேப்பால்தான் முழுவதும் சரிந்தது என்று நான் சொல்லவில்லை. விலையேற்றம், அலங்காரமில்லாத வெற்றுச் சிகரெட் உறை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வேப்பைப் பார்த்துச் சிகரெட்டுக்குப் போவார்கள் என்ற பயம் பலிக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

சரி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கதி என்ன? 2007-இல் சிகரெட்டை வெளியே தள்ளியதே அவருக்காகத்தானே?

ஆமாம், அந்தத் தடை நியாயமானது. சிகரெட்டிலிருந்து இரண்டு வகைப் புகை வரும். பிடிப்பவர் ஊதுவது ஒன்று. நுனி தானாகக் கனன்றுகொண்டே விடுவது இன்னொன்று. அடுத்தவர் மூக்கில் ஏறுவதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகைதான். சாம்பல் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தாலும் அது அறையை நிரப்பிக்கொண்டே இருக்கும். வேப்பில் இந்த இரண்டாவது வகையே இல்லை. இழுக்காத நேரத்தில் கருவி சும்மா கிடக்கிறது. வெளியே வருவது, இழுத்தவர் உடம்பில் தங்கியது போக மிச்சம் மட்டுமே.

மிச்சம் எவ்வளவு? 2024 ஜூலையில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 3 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளின் ரத்தத்தில் கோட்டினைன் (நிக்கோட்டின் உடம்புக்குள் போனபின் மாறுகிற பொருள்; எவ்வளவு உள்ளே போயிற்று என்று காட்டிக்கொடுக்கும்) எவ்வளவு இருந்தது என்று பார்த்தார்கள். உள்ளிடத்தில் சிகரெட் புகை பட்ட குழந்தைகளுக்கு லிட்டருக்கு 0.494 மைக்ரோகிராம். வேப் மட்டும் பட்டவர்களுக்கு 0.081. இரண்டும் படாதவர்களுக்கு 0.016.

மூன்று எண்களையும் சேர்த்தே படியுங்கள். ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பிடித்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறது. சிகரெட்டோடு ஒப்பிட்டால் வேப்பிலிருந்து குழந்தைக்குப் போகும் நிக்கோட்டின் சுமார் 84 சதவீதம் குறைவு. எதுவும் படாத குழந்தையோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு. அதனால் வீட்டிலும் காரிலும் பிள்ளைகள் இருக்கும்போது வேப் வேண்டாம். அதே எண்கள்தான், சிகரெட்டையும் வேப்பையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. இது நிக்கோட்டினுக்கான கணக்கு மட்டும் என்பதையும் கவனியுங்கள். எரிவதால் பிறந்து புற்றுநோயை உண்டாக்கும் நச்சுகளில் இடைவெளி இன்னும் பெரியது.

“95 சதவீதம் பாதுகாப்பானது” என்று ஒரு வாசகம் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதை ஏன் சொல்லவில்லை? இங்கிலாந்துப் பொதுச் சுகாதார அமைப்பு 2015 ஆகஸ்டில், வேப் சிகரெட்டைவிடச் சுமார் 95 சதவீதம் தீங்கு குறைவு என்று சொன்னது. அது ஆய்வுக்கூடத்தில் அளந்து கிடைத்த எண் அல்ல. நிபுணர்கள் கூடி உட்கார்ந்து போட்ட மதிப்பீடு. லான்செட் இதழ் அப்போதே அதைக் கடுமையாகக் குறை சொன்னது. “தீங்கு குறைவு” என்பதும் “பாதுகாப்பானது” என்பதும் ஒன்றல்ல. என் வாதத்துக்கு அந்த எண் தேவையும் இல்லை. 2022-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் நிபுணர்கள் அரசுக்காகச் செய்த விரிவான ஆய்வு, குறுகிய, நடுத்தரக் காலத்தில் வேப்பின் ஆபத்து சிகரெட்டின் ஆபத்தில் ஒரு சிறு பகுதிதான் என்று முடித்தது. எனக்கு அது போதும்.

இனி, தடை வந்தால் யாருக்கு என்ன ஆகும்?

முதலில் அடிபடுகிறவர், சிகரெட்டை விட்டுக்கொண்டிருப்பவர். பப்பின் பின்கதவுக்கு வெளியே இருக்கும் புகைக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு கூரை. பக்கச் சுவர்களில் பாதியாவது திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால் சாரல் உள்ளே அடிக்கும். சுவரில் திருகி வைத்த ஒரு தகரப் பெட்டி, அதன் வாயில் நசுக்கிய துண்டுகள், ஈரச் சாம்பல் நாற்றம். நாலு பேர் நின்று பிடித்துக்கொண்டிருப்பார்கள். சிகரெட்டை விட்டு ஆறு வாரமான ஒருவரை, “உன் வேப்பை அங்கே போய் இழு” என்று சட்டம் அனுப்புகிறது. இரண்டு நிமிஷத்தில் யாராவது ஒருவர் சிகரெட் பெட்டியை நீட்டுவார்.

சிகரெட்டை விட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். விடுவதைவிட விட்ட இடத்தில் நிற்பதுதான் கஷ்டம் என்பார்கள். அந்த வாசனை, பற்றவைக்கிற சத்தம், பழைய கூட்டாளிகள், கையில் ஒரு கிளாஸ். இழுத்துக்கொண்டு போக இவை போதும். வேப் இழுப்பவரைக் கட்டாயப்படுத்திப் புகை பிடிப்பவர்களோடு நிற்கவைக்காதீர்கள் என்று அதே இங்கிலாந்துப் பொதுச் சுகாதார அமைப்பு 2016 ஜூலையில் நிறுவனங்களுக்கு எழுதிய ஆலோசனையில் சொன்னது இதனால்தான். மழையில் வெளியே நிற்பது எப்படியும் தலையெழுத்து என்றால், இன்னும் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பவர் எதற்காக மாற வேண்டும்? மாறினால் ஒரு சின்னச் சௌகரியமாவது கிடைக்க வேண்டாமா?

வேப் உண்மையிலேயே சிகரெட்டை விடவைக்கிறதா, அல்லது விளம்பரமா? இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2019-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், பிரிட்டனில் சிகரெட்டை விட உதவி கேட்டு வந்த 886 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். நிக்கோட்டின் ஒட்டு, மெல்லும் பசை வகையறாக்கள் ஒரு பிரிவுக்கு. வேப் இன்னொரு பிரிவுக்கு. ஒரு வருஷம் கழித்து வேப் பிரிவில் 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். மற்றதில் 9.9 சதவீதம்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம். வேப் வைத்துச் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் ஆகியும் வேப்பை விடவில்லை. தடை கேட்பவர்கள் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். அது நியாயமான கவலைதான். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். இத்தனை பேர் ஒரு வருஷம் ஆகியும் வேப்பை நம்பியே சிகரெட் இல்லாமல் இருக்கிறார்கள் என்றால், அந்தக் காலம் முழுவதும் அவர்களைக் கொட்டகைக்கு அனுப்பிக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம் இல்லை. சிகரெட் பிரிட்டனில் வருஷத்துக்குச் சுமார் 80,000 பேரைக் கொல்கிறது.

சிறைகளைப் பாருங்கள். 2018-க்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூடிய சிறைகள் எல்லாம் சிகரெட் இல்லாதவை ஆகிவிட்டன. கைதிகள் அறைக்குள் வேப் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். மனநல மருத்துவமனைகள் பலவற்றில் நேர்மாறு. நாடாளுமன்றத்தின் அறிவியல், தொழில்நுட்பக் குழு 2018-இல் விசாரித்தபோது, கேட்கப்பட்ட மனநல அறக்கட்டளைகளில் (அரசு மருத்துவமனைகளை நடத்தும் அமைப்புகள்) மூன்றில் ஒரு பங்கு வேப்பையும் தடை செய்திருந்தன. மனநோயாளிகளிடையே சிகரெட் பழக்கம் மிக அதிகம். அந்தக் குழு இதைக் குறை கூறியது; வேப்பைச் சிகரெட் மாதிரியே நடத்துவதை மறுபடி யோசியுங்கள் என்றும் கேட்டுக்கொண்டது.

அடுத்து, கடைக்காரரான நீங்கள். இங்கிலாந்தில் இன்று புகைத்தடைச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இது புரியும். தடை உள்ள இடத்தில் சிகரெட் பிடித்தவருக்கு உடனடி அபராதம் 50 பவுண்டு. கோர்ட்டுக்குப் போனால் 200 வரை. ஆனால் அவரைத் தடுக்கத் தவறிய இடத்துக்காரருக்கு 2,500 பவுண்டு வரை. பெரிய அடி பிடித்தவருக்கு இல்லை, இடத்துக்காரருக்கு. வேப்பும் இதே மாதிரியான சட்டத்துக்குள் வந்தால், கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒருவர் இழுத்துவிட்டுப் போவதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம்.

சிகரெட் என்றால் வாசனை காட்டிக்கொடுக்கும், சாம்பல் காட்டிக்கொடுக்கும். வேப்பில் சாம்பல் இல்லை, வாசனையும் அவ்வளவு நேரம் தங்குவதில்லை. சனிக்கிழமை ராத்திரி, கூட்டம் நெரியும் உணவகத்தில் மேசை மேசையாக எட்டிப் பார்க்கிற வேலை உங்கள் பணியாளுக்கு. இன்று அவர், “சார், இங்கே வேண்டாமே” என்று சொன்னால் விஷயம் முடிந்தது. அது நீங்கள் போட்ட விதி. தளர்த்தலாம், இறுக்கலாம், ஒரு மூலையை ஒதுக்கலாம். சட்டமானால் அந்த நெளிவு சுளிவு போய்விடும்.

டாக்ஸி ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். புகைத்தடைச் சட்டத்தில் வாடகை டாக்ஸி எந்நேரமும் புகையில்லா வாகனம். சவாரி இல்லாமல் நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும்போதும்கூட. அதையே வேப்புக்கும் எழுதினால், ராத்திரி இரண்டு மணிக்கு விமான நிலைய வரிசையில் தனியாகக் காத்திருக்கிறவருக்கும் அது பொருந்தும். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் டெலிவரி வேனும் அப்படித்தான். வேப் விற்கும் கடை வைத்திருப்பவருக்கு வேறு கவலை. சிகரெட்டிலிருந்து மாற வருகிறவருக்குக் கருவியை எப்படிப் பிடிப்பது, எந்த அளவு நிக்கோட்டின் சரி என்று கடையிலேயே காட்டிக்கொடுப்பதுதான் பாதி வேலை. விலக்கு எழுதாவிட்டால் அதுவும் வாசலுக்கு வெளியே போக வேண்டியதுதான்.

“எனக்கு ஆஸ்துமா. பக்கத்து மேசைக்காரர் ஊதினால் இருமல் வருகிறது. என் உரிமை என்ன ஆவது?” என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிலருக்கு அந்த ஆவி தொண்டையைக் கரகரக்கவைக்கும் என்பது உண்மை. நிர்வாகியிடம் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். பெரும்பாலான உணவகங்கள் ஏற்கெனவே கூடாது என்றுதான் சொல்கின்றன. நான் உணவகம் வைத்திருந்தால் நானும் சாப்பாட்டு மேசையில் கூடாது என்று போர்டு மாட்டியிருப்பேன். ரசத்து வாசனையில் மாம்பழச் சுவையூட்டி கலப்பதை எந்தச் சமையல்காரர் பொறுப்பார்?

எழுந்து வேறு இடம் போக முடியாதவர் பணியாள். எட்டு மணி நேரம் அங்கேயே நிற்கிறார். எதிர்த்தரப்பின் வாதங்களில் பலமானது இதுதான். ஆனால் 1974-ஆம் ஆண்டுப் பணியிடச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம், வேலைக்காரர் நலத்தைக் காக்கும் கடமையை முதலாளி மேல் ஏற்கெனவே சுமத்தியிருக்கிறது. பணியாள் ஆட்சேபித்தால் உள்ளே வேப் கூடாது என்று ஒரு வரி விதி சேர்த்தால், நாடு முழுவதற்குமான தடை இல்லாமலே அவருக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும்.

பிள்ளைகள்? இங்கிலாந்தில் 2023-இல் 11 முதல் 15 வயதுக்காரர்களில் 9 சதவீதம் பேர் வேப் பிடித்தார்கள். 2018-இல் அது 6 சதவீதம். இதைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனசில்லை. ஆனால் அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது? ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும், மிட்டாய் நிறத்தில் அடைத்த, சில பவுண்டுக்குக் கிடைத்த வேப்பிலிருந்து. அதை விற்றது தெருமுனைக் கடை. பிள்ளைகள் இழுத்தது பள்ளிக் கழிப்பறையில். அங்கே ஏற்கெனவே தடை. பெரியவர்கள் மட்டும் இருக்கும் மதுக்கூடத்தில் ஒருவரைத் தடுத்தால் இதில் எது மாறும்? தூக்கி எறியும் வேப் விற்பனைக்கு 2025 ஜூன் 1 முதல் தடை வந்திருக்கிறது. அது சரியான இடத்தில் விழுந்த அடி. கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 18 வயதுக்குக் கீழே விற்பது குற்றம். முகத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள், அடையாள அட்டை கேளுங்கள்.

அமெரிக்காவில் வேப்பால் ஆள் செத்தார்களே? செத்தார்கள். 2019-இல் தொடங்கிய அந்த நுரையீரல் நோயில் 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள், 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். பெரும்பாலும் காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்டது கஞ்சாச் சத்து அடைத்த கள்ளச்சந்தைக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் (கெட்டியாகக் காட்டுவதற்காகச் சேர்த்த எண்ணெய்). பிரிட்டனில் நிக்கோட்டின் வேப் திரவத்தில் வைட்டமின் சேர்க்கவே தடை. கள்ளச் சரக்கு வாங்காதீர்கள் என்பதுதான் இதில் நமக்கான செய்தி.

அப்படியானால் எந்த இடத்திலும் சட்டம் வேண்டாம் என்கிறேனா? இல்லை. பள்ளி, குழந்தைகள் காப்பகம், மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு, நெருக்கியடித்து நிற்கும் பஸ், ரயில். இங்கெல்லாம் சட்டமே வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. போக மாட்டேன் என்று சொல்ல முடியாதவர்கள் இருக்கும் இடங்கள் அவை. பப், கிளப், அலுவலகம், கடை, டாக்ஸி, கல்யாண மண்டபம் போன்றவற்றை அந்தந்த இடத்துக்காரரிடம் விடலாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு அவசியமான ஒன்று. நான் மேலே சொன்ன சட்டம் எதுவும் பிரிட்டனுக்கு வெளியே பொருந்தாது. இந்தியா 2019-இல் மின் சிகரெட்டுகளை உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு என்று மொத்தமாகத் தடை செய்துவிட்டது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை என்றால் முதல் குற்றத்துக்கே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெட்டிக்கடையில் பீடிக்கட்டு தொங்கும், வேப் மட்டும் குற்றம். அந்த விநோதத்தை விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் விவாதிக்க முடியாது. கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூரில் இன்னும் கடுமை: அங்கே 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். இந்த இரண்டும் இல்லாத நாடுகளுக்குப் பறந்தாலும், பேட்டரி தீப்பிடிக்கலாம் என்பதால் வேப்பைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

இனி நீங்கள் என்ன செய்யலாம்? 2024 நவம்பர் 5-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட புகையிலை, வேப் மசோதா, வேப் கூடாத இடங்கள் எவை என்று விதி எழுதும் அதிகாரத்தை அமைச்சர்களுக்குக் கொடுக்கிறது. அப்படி எழுதுமுன் கருத்துக் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. இத்தகைய கருத்துக் கேட்புகளில் பெரிய அமைப்புகள் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கும். சிறு உணவகக்காரரும் டாக்ஸிக்காரரும் பெரும்பாலும் எழுதுவதில்லை. “நமக்கு எதுக்கு வம்பு” என்று இருந்துவிடுகிறோம்.

எழுதுங்கள். சுதந்திரம், உரிமை என்று பெரிய வார்த்தைகள் வேண்டாம். உங்கள் இடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இப்போது என்ன விதி வைத்திருக்கிறீர்கள், அதைப் பற்றி எத்தனை முறை புகார் வந்தது, வெளியே நிற்க இடம் இருக்கிறதா என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வேப்பின் உதவியால் சிகரெட்டை விட்டவர் என்றால், எத்தனை வருஷப் பழக்கம், எப்போது விட்டீர்கள், கொட்டகையில் போய் நின்றால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்.